பாரி இறந்த மறுநாள்

1

அப்பா இறந்த அன்று எங்கள் தெருவில் சைக்கிள் நுழைய இடமில்லை. மேலூர் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். வாத்தியார் வேலை பார்த்தவர், யார் வந்து கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். நோட்டு எழுதிக் கொடுத்தது கொஞ்சம், எழுதாமல் கொடுத்தது நிறைய. "மனுசன்னா இவருதான்யா" என்று ஆளாளுக்குச் சொல்லி அழுதார்கள். எனக்கு அழுகையோடு ஒரு பெருமையும் இருந்தது. அப்போது நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கூட்டம் கலைந்தது. மிஞ்சியது அம்மா, கல்யாணத்துக்கு நின்ற அக்கா, நான், அப்பா வாங்கிய கடன், அப்பா கொடுத்துத் திரும்பி வராத கடன், ஒரு தகரப்பெட்டி நிறையக் காகிதம். மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் டிவிஎஸ் ஃபிஃப்டி சத்தம் கேட்டது. அப்பாவின் சிநேகிதர் ஒருவர். மேலூரில் ரைஸ் மில்லில் கணக்கு எழுதியவர். அம்மாவை "தங்கச்சி" என்பார், அதனால் எங்களுக்கு மாமா. கையில் ஒரு மஞ்சப்பை. "பெட்டியக் கொண்டா மாப்ள, என்னென்ன இருக்குன்னு பாப்போம்" என்று திண்ணையில் உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து பதின்மூன்று மாதம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், குடும்ப பென்ஷன், பேங்க் கணக்கு, கரண்டு பில்லில் பேர் மாற்றம். இதெல்லாம் ஒரே நாளில் முடியாது என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு காகிதத்தில் இனிஷியல் தவறினால் அடுத்த காகிதம் நிற்கும்.

ஒரு நாள் நானும் கூடப் போனேன். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. கவுன்டரில் இருந்தவர் ஃபைலைத் திறந்தே பார்க்காமல் ஓரமாகத் தள்ளிவிட்டு, "நீ யாருய்யா இவங்களுக்கு? வாரிசா? அப்புறம் எதுக்கு வந்து நிக்கிற?" என்றார். மாமாவுக்கு அப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும். "சிநேகிதருங்க சார். கூடப் பொறக்காத தங்கச்சிங்க" என்றார், சிரித்த முகமாக. அந்த ஆள் இன்னும் நாலு வார்த்தை பேசினார். மாமா எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்".

வெளியே வந்து டீ குடிக்கும்போது மாமாவின் கை நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எனக்கு ஆத்திரம், அவர் மேல்தான். "மானங்கெட்டுப்போய் ஏன் மாமா இப்படி நிக்கணும்? அப்பாவா இருந்தா ஃபைலத் தூக்கி மூஞ்சியில எறிஞ்சிருப்பாரு" என்றேன்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "எனக்கு வேண்டியதுக்கு வந்திருந்தா நானும் அவன் சட்டையப் பிடிச்சிருப்பேன் மாப்ள. இது தங்கச்சி சோலில்ல."

இந்தக் கட்டுரை அந்த ஒரு பதிலைப் புரிந்துகொள்ள எனக்கு எடுத்த பதினைந்து வருடங்களைப் பற்றியது. புரியவைத்தது வேலையோ வாழ்க்கையோ அல்ல, புறநானூறு.

2

மாமாவின் சொந்த ஊர் திருவாதவூர். மேலூர் தாலுகா. ஊரைச் சொன்னால் எல்லோருக்கும் நினைவு வருவது மாணிக்கவாசகர். வாதவூரர் என்ற பேரே அவருக்கு இங்கிருந்துதான். இன்னொருவரையும் இந்த ஊர் தன்னுடையவராகச் சொல்லிக்கொள்கிறது: கபிலர். சங்கப் பாடல்களில் இதை நிறுவ ஒரு சான்றும் கிடையாது. பெரும்பற்றப்புலியூர் நம்பியின் திருவிளையாடல் புராணம் கபிலரைத் திருவாதவூர்க்காரர் என்கிறது, மரபு அதைப் பிடித்துக்கொண்டது. ஊரில் கபிலருக்கு ஒரு நினைவுத்தூண்கூட இருக்கிறது. பாரியின் பறம்பு மலையாகச் சொல்லப்படும் பிரான்மலை, இங்கிருந்து நேர்கோட்டில் நாற்பது கிலோமீட்டருக்குள்தான். அந்த வகையில் மரபு ஒன்றும் பொருத்தமில்லாமல் சொல்லிவிடவில்லை.

ஊருக்குப் பக்கத்தில் ஓவாமலை. அங்கே சமணத் துறவிகள் படுப்பதற்காகப் பாறையில் வெட்டிய படுக்கைகளும், கி.மு. 2ஆம் நூற்றாண்டை ஒட்டியதாகச் சொல்லப்படும் இரண்டு தமிழ் பிராமிக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. அவற்றில் அரிதன், பரசு என்று இரண்டு பேருடைய பெயர்கள். சொல்வது இவ்வளவுதான்: இந்த இடத்தை வெட்டுவித்தவர் இவர். யாரோ ஒரு துறவி மழைக்கு ஒதுங்கிப் படுக்க, யாரோ ஒருவர் செலவு செய்து கல்லைக் கொத்தவைத்திருக்கிறார்.

இதே வைகைப் படுகையில், தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில், 2006இல் மிகப் பழைய தமிழ் பிராமி நடுகற்கள் கிடைத்தன. அதில் ஒன்று, ஆநிரை கவர்ந்த பூசலில் செத்துப்போன ஒரு வீரனுக்கு எடுத்த கல். ஆக, ஏறத்தாழ ஒரே எழுத்து, ஒரே ஆற்றுப்படுகை, இரண்டு விதமான கல். ஒன்று சண்டையில் செத்தவனுக்கு நட்டது. இன்னொன்று இன்னொருவர் படுத்துத் தூங்க வெட்டிக் கொடுத்தது.

நம் இலக்கிய நினைவு முழுக்க முதல் கல்லைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. மறம், மானம், கொடை, நடுகல். நம்முடைய சினிமா ஹீரோக்களும் அங்கிருந்து நேரே நடந்து வந்தவர்கள்தான். புறநானூற்றை அந்தக் கல்லின் புத்தகமாக வாசிப்பதுதான் வழக்கம். ஆனால் அதற்குள் இரண்டாவது கல்லின் கதை ஒன்றும் இருக்கிறது. திருவாதவூர்க்காரர் என்று சொல்லப்படுகிற கபிலரின் கதை.

3

பாரி கதையை எல்லோருக்கும் தெரியும். முல்லைக்குத் தேர் கொடுத்தவன், முந்நூறு ஊரையும் இரந்தவர்க்குக் கொடுத்தவன், மூவேந்தரும் சேர்ந்து முற்றுகையிட்டும் வளைந்துகொடுக்காதவன். சு. வெங்கடேசனின் 'வேள்பாரி' விகடனில் தொடராக வந்த பிறகு, முப்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் அவன் மறுபடி ஹீரோ ஆகிவிட்டான். அந்த நாவல் கபிலர் பறம்பு ஏறுவதில் தொடங்குகிறது. எனக்கு ஆர்வம் அவர் பறம்பிலிருந்து இறங்குவதில்.

புறநானூற்றில் 105 முதல் 120 வரையிலான பதினாறு பாடல்களைத் தொடர்ச்சியாக ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். அரைமணி நேரம் ஆகாது. 111 வரை பாரி உயிரோடு இருக்கிறான். 109இல் கபிலர் முற்றுகையிட்ட அரசர்களைப் பார்த்து ஏறக்குறைய கேலி செய்கிறார்: இந்த மலையில் உழாமலே விளைவது நான்கு, மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன், வாளால் ஜெயிக்க முடியாது, யாழோடு ஆடிப் பாடி வாருங்கள், மலையையும் நாட்டையும் சேர்த்தே கொடுத்துவிடுவான். இது ஹீரோவின் நண்பன் பேசும் பஞ்ச் டயலாக். திரையரங்காக இருந்தால் விசில் பறக்கும்.

அடுத்து 112. பாடியவர்கள் பாரி மகளிர். ஐந்தே வரி. போன மாத நிலாவில் அப்பாவும் இருந்தார், மலையும் எங்களிடம் இருந்தது. இந்த மாத நிலாவில் இரண்டும் இல்லை. அவ்வளவுதான். இடையில் சாவோ போரோ காட்டப்படுவதில்லை. ஒரு பக்கம் திருப்பினால் பாரி இல்லை.

113இலிருந்து கபிலரின் குரலே மாறிவிடுகிறது. கிண்டல் போய்விட்டது. மலையிடம் விடைபெறுகிறார், கண்ணில் நீரோடு, இந்தப் பெண்களுக்கு உரியவர்களைத் தேடிப் போகிறோம் என்று சொல்லிவிட்டு. 114இல் திரும்பிப் பார்க்கிறார். மலை இன்னும் தெரிகிறது, கொஞ்ச தூரம் போன பின்னும் தெரியும் என்கிறார். 118இல் ஒரு சின்னக் குளம். எட்டாம் நாள் பிறைபோல வளைந்த கரை. பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அந்தக் கரை உடைந்து போகிறது.

நான் வேலை பார்ப்பது மென்பொருளில். இந்தத் துறையில் புதிதாக ஒன்றைக் கட்டி வெளியிடுபவருக்குத்தான் கைத்தட்டல், கேக், மேலிடத்துப் பாராட்டு மெயில். ஆறு மாதம் கழித்து, ராத்திரி மூன்று மணிக்கு அது விழும்போது எழுந்து உட்கார்ந்து தூக்கி நிறுத்துபவர் யார் என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ஒழுங்காக நடக்கும்வரை அவர் இருப்பதே தெரியாது. அதனால் 118 எனக்குச் சட்டென்று புரிந்தது. குளம் வெட்டியவன் பாரியோ அவன் பாட்டனோ, பாடல் பெற்றுவிடுவான். கரையை வருஷா வருஷம் அடைத்தவர்களுக்கு ஒரு பாடலும் இல்லை. அவர்கள் இல்லாமல் போனபோதுதான் கரை பாட்டுக்குள் வருகிறது, அதுவும் உடைந்த கரையாக.

116தான் எனக்கு இந்த வரிசையின் உச்சம். முள்வேலி போட்ட ஒரு சின்ன வீடு. முற்றத்தில் பஞ்சு கிடக்கிறது. பீர்க்கும் சுரையும் படர்ந்திருக்கின்றன. பக்கத்தில் ஈச்சிலை விழுந்து மக்கிய குப்பைமேடு. பாரியின் பெண்கள் அந்தக் குப்பைமேட்டில் ஏறி நின்று, பாதையில் போகும் உப்பு வண்டிகளை எண்ணுகிறார்கள். கபிலர் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இதே பெண்கள் பறம்பு மலைமேல் நின்று, அப்பாவோடு சண்டைக்கு வந்த அரசர்களின் குதிரைகளை எண்ணியவர்கள். அப்போதும் எண்ணினார்கள், இப்போதும் எண்ணுகிறார்கள். மலை குப்பைமேடாக ஆகியிருக்கிறது, குதிரை உப்பு வண்டியாக ஆகியிருக்கிறது. பிள்ளைகளுக்கு விளையாட்டு, பார்ப்பவருக்கு நெஞ்சடைப்பு. என் ஆயுள் முடிந்தால் தேவலை என்கிறார்.

ஆனால் முடித்துக்கொள்ளவில்லை. முடித்துக்கொள்ள முடியாது. இரண்டு பேரும் குப்பைமேட்டிலிருந்து இறங்கி வந்து அடுத்து எங்கே போகிறோம் என்று கேட்பார்கள்.

4

இனி 200, 201, 202. வரிசையில் எங்கோ தள்ளிக் கிடக்கும் மூன்று பாடல்கள். 200இல் விச்சிக்கோன் என்ற அரசனிடம் பெண்களை ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறார். நடக்கவில்லை. அடுத்து இருங்கோவேள். 201 கிட்டத்தட்ட ஒரு கவுன்டர் உரையாடலின் ஒரு பாதி. இவர்கள் யார் என்று கேட்பாய் என்றால், என்று ஆரம்பிக்கிறார் கபிலர். பாரியின் பெண்கள் என்கிறார். நான் இவர்கள் அப்பாவின் தோழன் என்கிறார். அடுத்த மூச்சில், இவர்கள் என் பெண்கள் என்கிறார்.

நான் இதை முதல்முறை வாசித்தது பெங்களூரில், ஒரு ஆன்-கால் ராத்திரியில். "நீ யாருய்யா இவங்களுக்கு?" என்ற குரல் காதில் கேட்டது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

தோழன் என்ற இடத்திலிருந்து தகப்பன் என்ற இடத்துக்குக் கபிலர் ஒரே எட்டில் தாண்டுகிறார். ரத்த உறவில்லை, குலம் வேறு, யாரும் கேட்டுக்கொள்ளவுமில்லை. அதே பாடலில் எதிரே இருப்பவனின் பரம்பரையை மெனக்கெட்டுப் புகழ்கிறார்: வடபால் முனிவனின் வேள்விக் குழியில் தோன்றி, நாற்பத்தொன்பது தலைமுறையாக வந்த வேளிர் குலத்தவன் நீ என்று. இது சேர அரசன் செல்வக் கடுங்கோ வாழியாதனிடம் போய், பாரி இறந்துவிட்டான் என்பதற்காக உன்னிடம் இரக்க வரவில்லை என்று நிமிர்ந்து பேசிய அதே கபிலர்தான். பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தில் அந்தக் குரல் இருக்கிறது. அதற்கு நூறாயிரம் காணம் பரிசு என்கிறது பதிகம். தனக்கென்று போன இடத்தில் அவருக்கு முதுகு வளையவில்லை.

இருங்கோவேள் மறுத்துவிடுகிறான். 202 அந்த மறுப்புக்குப் பிறகு வருவது. கபிலருக்குக் கோபம். உன் முன்னோர்களில் ஒருவன் கழாத்தலையார் என்ற புலவரை இகழ்ந்தான், அதனால்தான் உங்களுடைய அரையம் என்ற பெரிய ஊர் அழிந்தது என்று கதை சொல்கிறார். மிரட்டல்தான். எங்கே போய் முடியப்போகிறது என்று பார்த்தால், கடைசியில் சட்டென்று இறங்கிவிடுகிறார். தெளிவில்லாமல் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள், போய் வருகிறேன், உன் வேல் வெல்லட்டும்.

இதை நக்கல் என்று வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். நக்கல் இருக்கலாம், தமிழ்ப் புலவருக்கு அது வராதா என்ன. ஆனால் நான் வாசிக்கும்போது அந்தச் சபையில் இன்னும் இரண்டு பேர் நிற்கிறார்கள். தங்களை வேண்டாம் என்று ஒருவன் சொன்னதைக் காதால் கேட்டவர்கள். இந்த ஆளை மேலும் பகைத்துக்கொண்டால் அடுத்த ஊர் போய்ச் சேரும்வரை அவர்களுக்கு என்ன பாதுகாப்பு? கபிலரின் கை நடுங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கிறார்.

இதன் பக்கத்தில் புறநானூறு 74ஐ வைத்துப் பாருங்கள். சேரமான் கணைக்கால் இரும்பொறை சிறையில் தண்ணீர் கேட்கிறான். தாமதமாக, அவமதிப்பாகக் கொண்டுவருகிறார்கள். குடிக்காமல் செத்துப்போகிறான். மானத்துக்கு இதைவிடப் பெரிய உதாரணம் தமிழில் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் அதை நம்பினேன். இப்போது கேட்கத் தோன்றுகிறது: வெளியே இரண்டு பிள்ளைகள் அவனை நம்பி நின்றிருந்தால் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்க மாட்டானா? குடித்திருந்தால் பாட்டில் இடம் கிடைத்திருக்காது. வீரயுகம் மானத்தைக் காக்கச் சாகிறவனுக்குப் பாட்டு வைத்திருக்கிறது. இன்னொருவருக்காக மானத்தை மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த வாசலுக்கு நடக்கிறவனை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று அதற்குத் தெரியவில்லை. கபிலரே தன்னைப் பாடிக்கொண்டதால் நமக்குத் தெரிகிறது.

கடைசிப் பாடல் 236. குரங்கு தின்று கிழித்த, முழவு போன்ற பெரிய பலாப்பழம், மலைக்குறவர்களுக்கு எடுத்துவைத்துத் தின்னும் உணவாக மிஞ்சும் நாட்டுக்காரனே என்று இறந்த நண்பனைக் கூப்பிடுகிறார். பிறகு ஒரு குற்றச்சாட்டு. நாம் பழகிய பழக்கத்துக்கு நீ செய்தது தகாது. என்னையும் கூட்டிக்கொண்டு போகாமல், நீ இரு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். இந்த வரிசையின் சாவி இந்த இடத்தில் இருக்கிறது. போவது பாரிக்கு. இருப்பது கபிலருக்கு. போனவன் வள்ளல் ஆனான். இருந்தவருக்குக் கிடைத்தது கிழிந்த பலாப்பழத்தின் மீதி. அந்த மீதியில்தான் இரண்டு உயிர்கள் பசியாறின.

பெண்களுக்குக் கல்யாணம் ஆனதா? இதைப் பாடும் பாட்டு புறநானூற்றில் இல்லை. அவர்களைப் பார்ப்பனரிடம் சேர்த்துவிட்டுக் கபிலர் வடக்கிருந்தார் என்கிறது 236இன் கீழே இருக்கும் குறிப்பு. பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுப் பெண்ணையாற்றங்கரையில் தீப்புகுந்தார் என்கிறது திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு. பிரான்மலையிலிருந்து திருக்கோவலூர் நேர்கோட்டிலேயே இருநூறு கிலோமீட்டருக்கு மேல். எப்படிப் போனார்கள், எத்தனை மாதம், எந்த வீட்டில் தங்கினார்கள், ஒன்றும் தெரியாது. தேடியதும் மறுக்கப்பட்டதும் பாட்டில் இருக்கிறது, முடித்தது இல்லை.

5

கபிலரை இப்படியே பீடத்தில் ஏற்றி மாலை போட்டால் நானும் இன்னொரு நடுகல் நட்டவனாகிவிடுவேன். சில விஷயங்களைக் கேட்டாக வேண்டும்.

அந்தப் பெண்களிடம் யாராவது கேட்டார்களா? 200இலும் 201இலும் கபிலர் பேசுவது கொடுக்கிறேன், வாங்கிக்கொள் என்ற மொழியில். பரிசில் வாங்கிப் பழகிய புலவர், தன்னிடமிருந்த கடைசிப் பரிசிலைக் கொடுக்கப் போகிறார். அவருடைய அன்பில் சந்தேகமில்லை, அந்த அன்புக்கு அந்தக் காலத்தின் கண்தான் இருந்தது. அவர்களுக்கென்று கிடைத்த ஒரே பாட்டில், 112இல், அவர்கள் மாப்பிள்ளை கேட்கவில்லை. அப்பாவையும் மலையையும்தான் கேட்கிறார்கள்.

அவர்கள் பெயர்கூட சங்கப் பாடல்களில் இல்லை. அங்கவை, சங்கவை என்பது பிற்கால மரபு கொடுத்தது. அந்தப் பெயர்களை நம் தலைமுறை எப்படித் தெரிந்துகொண்டது என்பதும் ஞாபகம் இருக்கும். 2007இல் வந்த 'சிவாஜி' படத்தில், கறுப்பாக இருப்பதால் ஹீரோவுக்கு வேண்டாத இரண்டு பெண்களுக்கு அந்தப் பெயர். தியேட்டரில் நானும் சிரித்தேன். இருங்கோவேள் சபையில் சிரித்தவர்களில் ஒருவனாக இருந்திருக்கிறேன் என்பது பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது.

இன்னொரு கேள்வி: 116இல் வரும் அந்தச் சின்ன வீடு யாருடையது? முற்றத்தில் பஞ்சு போட்டு, கூரையோரம் சுரை படரவிட்டு வாழ்ந்த யாரோ. மூவேந்தரும் பகையான ஒருவனின் பிள்ளைகளுக்கு அந்த நேரத்தில் இடம் கொடுப்பது சின்ன விஷயமில்லை. நாற்பத்தொன்பது தலைமுறை இருந்தவனிடம் இல்லாத தைரியம் அந்த வீட்டில் இருந்திருக்கிறது. கபிலர் பீர்க்கங்கொடியைப் பாடினார், வீட்டுக்காரர் பெயரைச் சொல்லவில்லை. ஓவாமலையில் படுக்கை வெட்டுவித்தவர் பெயர் இருக்கிறது. உளி பிடித்தவர் பெயர் இல்லை. எந்தக் கதையிலும் பெயருக்குக் கீழே இன்னொரு ஆள் இருக்கிறார்.

திருவாதவூரின் மற்ற கதையிலும் இதுதான். வாதவூரர் குதிரை வாங்கப் போன பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழிக்கிறார். பெரிய மனசு, பெரிய காரியம். நரி பரியாகி, பரி நரியாகி, அரசன் அவரைத் தண்டிக்க, வைகை பெருக்கெடுத்துக் கரை உடைகிறது. வீட்டுக்கு ஒரு ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று உத்தரவு. அந்த உத்தரவு, பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்ற கிழவியின் வீட்டுக்கும் வருகிறது. அவளுக்கு அனுப்ப ஆளில்லை. பக்தரின் மகத்தான செயலுக்கான பில்லை, கடைசியில், அந்தக் கதையிலேயே மிகவும் இல்லாதவள் கட்டுகிறாள். சிவன் கூலியாளாக வந்து உதிர்ந்த பிட்டுக்கு மண் சுமந்தது அழகுதான். ஆனால் அந்தக் கற்பனை ஏன் தேவைப்பட்டது என்று யோசித்துப் பார்க்கலாம். அவள் பங்குக் கரையை அடைக்க அந்த ஊரிலிருந்து மனுசர் ஒருவரும் வரவில்லை. இன்றும் ஆவணி மூலத் திருவிழாவுக்குத் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் மதுரைக்கு வருகிறார். சுவாமி கையில் மண்வெட்டி. அது இப்போது தங்கம்.

தங்க மண்வெட்டியில்தான் எனக்குப் பயம். 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு நாமெல்லாம் மாடியில் நின்று கைதட்டினோம். நர்ஸுகள் ஹீரோ, துப்புரவுப் பணியாளர்கள் ஹீரோ. ஹீரோ என்று சொல்லிவிட்டால் சம்பளம், கையுறை, வேலை நிரந்தரம் இதையெல்லாம் பேச வேண்டியதில்லை. கும்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். காம்யு 'கொள்ளைநோய்' நாவலில் இதை நன்றாகவே உணர்ந்திருந்தார். அதில் கதைசொல்லி, உங்களுக்கு ஹீரோ ஒருவர் வேண்டும்தான் என்றால் இந்த கிராண்டை வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். கிராண்ட் நகராட்சியில் ஒரு சின்ன குமாஸ்தா. கொள்ளைநோயின்போது அவர் செய்வது, சாயங்காலம் வந்து கணக்கு எழுதுவது. காம்யு அவருக்குத் தங்கத்தில் எதுவும் கொடுக்கவில்லை. கணக்குப் புத்தகத்தையே கையில் விட்டுவைத்தார்.

கபிலரும் அப்படி ஒரு இடத்தைத் தன்னையறியாமல் விட்டுவைத்திருக்கிறார். 107இல் சொல்கிறார்: எல்லாப் புலவர்களும் பாரி பாரி என்று ஒருவனையே புகழ்கிறார்கள், பாரி ஒருவன்தானா, உலகத்தைக் காக்க மழையும் இருக்கிறதே. பாரியைப் புகழ்வதற்கான தந்திரம்தான் இது, குறை சொல்வதுபோல் ஏற்றிச் சொல்வது. ஆனால் பாரி போன பிறகு திரும்பிவந்து வாசித்தால் அது வெறும் உண்மையாக நிற்கிறது. மழையும் இருக்கிறது. யாரும் புகழாவிட்டாலும் வந்து பெய்துவிட்டுப் போகிறது.

அன்றாடத்தில் யார் நாயகர் என்று என்னிடம் கேட்டால், இந்தப் பாடல்களை வைத்து இவ்வளவு சொல்வேன். பிரச்சினை அவர் உண்டாக்கியதில்லை. அவர் தலையிடாவிட்டால் யாரும் அவரைக் குறை சொல்லப்போவதில்லை. முடிந்த பிறகு கொண்டாட அங்கே கூட்டம் இருக்காது. நடுவில் எங்கோ தன் மானத்தைக் கீழே வைக்கவேண்டி வரும், தனக்காக இல்லாததால் அதை வைக்க அவரால் முடியும். இதில் கடைசியைத்தான் நான் அந்த டீக்கடையில் தலைகீழாகப் புரிந்துகொண்டேன்.

அப்பாவை நான் குறைத்துச் சொல்லவில்லை. கொடுத்தவர் கொடுத்தவர்தான். பாரி இல்லாத ஊர் மோசமான ஊர். ஆனால் பாரி கொடுத்த முந்நூறு ஊரில் ஒன்றுகூட அவன் பெண்களுக்கு மிஞ்சவில்லை. அதை நான் எங்கள் தகரப்பெட்டியைப் பார்த்தபோதே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

6

அக்கா கல்யாணத்தில் மாமா பந்தியில்தான் நின்றார். போட்டோவில் எங்கேயும் இல்லை. ஆல்பத்தை இரண்டு தடவை தேடிப் பார்த்துவிட்டேன். ஒரு படத்தில் சாம்பார் வாளியோடு பாதி முதுகு தெரிகிறது, அது அவராக இருக்கலாம்.

போன வருஷம் மாமா இறந்தார். செய்தி வந்தபோது எனக்கு ஒரு ரிலீஸ் ஓடிக்கொண்டிருந்தது. முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று ஒரு மணி நேரம் இருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் பஸ் தவறியது. திருவாதவூர் போய்ச் சேரும்போது எடுத்துவிட்டார்கள். வாசலில் பத்து பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி, பாதி காலி. தெருவில் சைக்கிள் தாராளமாகப் போய்வந்தது.

அத்தை என்னைப் பார்த்து அழுதுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய் அந்த மஞ்சப்பையை எடுத்துவந்து கொடுத்தார்கள். "இதுல என்ன இருக்குன்னு எனக்கு ஒண்ணும் தெரியல தம்பி. உங்க மாமாதான் எல்லாருக்கும் பாத்துக் குடுப்பாக" என்றார்கள்.

எல்லோருக்கும் என்றார்கள். நாங்கள் ஒரு குடும்பம்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பையில் ஆதார் நகல், பேங்க் புத்தகம், மில்லில் வேலை பார்த்ததற்கான காகிதம், யார் யாருடையதோ ரேஷன் கார்டு ஜெராக்ஸ். வாரிசுச் சான்றிதழில் மாமா பேரில் ஒரு எழுத்து தவறாக இருக்கிறது. திருத்த வேண்டும். இரண்டு முறை போய்விட்டு வந்தாயிற்று, மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். வரும் திங்கட்கிழமைக்கு லீவு போட்டிருக்கிறேன்.